வலையப் பத்தி வாய் ஓயாம பேசுற பிள்ளைக்கு எழுத வராதா?

தொடக்கப்பள்ளில வேல பாக்குறவங்க யாரக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான், "பிள்ளைக்கு சொந்தமா நாலு வரி எழுதத் தெரியல". நானும் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலோரத்துல ஒரு ஒன்றியப் பள்ளிலதான் இருக்கேன், எனக்கு இதுல உடன்பாடு கெடையாது. பசு, உழவர், மரம் வளர்ப்போம்னு கைடுல இருக்குறத மனப்பாடம் பண்ண வச்சா பிள்ள அதத்தான் எழுதும். தெனம் பாம்பன் பாலத்த பாத்து வளர்ற பிள்ளைக்கு 'எங்கள் ஊர்'னு தலைப்பு குடுத்தா "எங்கள் ஊரில் வயல்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும், ஆறு ஓடும்"னு எழுதிட்டு வருது.. இந்தக் கரையில எங்கங்க ஆறு ஓடுது?

நாலாவதுல ஒரு பையன், நோட்டுல "என் அப்பா மீன் பிடிப்பார். அவர் நல்லவர்." அவ்ளோதான். பக்கத்துல உக்கார வச்சு நேத்து அப்பா என்ன கொண்டு வந்தாகன்னு கேட்டேன். ஆரம்பிச்சான் பாருங்க, "நண்டு டீச்சர், வலையில இருந்து கழட்டுறப்ப கால் ஒடியாம கழட்டணும், கால் போச்சுன்னா வெலய கொறச்சிருவாங்க, பேத்தா மீனு வேற கடிச்சு வலையெல்லாம் ஓட்ட, ராத்திரி அப்பாவும் மாமாவும் உக்காந்து தச்சாக"ன்னு மூச்சு விடாம சொல்றான். இத அப்படியே எழுதுடான்னேன். "இதையா டீச்சர்?"னு என்னையே பாக்குறான். இதெல்லாம் எழுதக்கூடிய விஷயம்னு அவன்கிட்ட யாருமே சொன்னதில்ல, எனக்கு அதுதான் வலிச்சுது.

ஒரு பக்கம் எழுதிட்டான். வலை 'வளை' ஆயிருந்துச்சு, கழட்டுறது 'களட்டுறது' ஆயிருந்துச்சு. நான் செகப்பு பேனாவ எடுக்கல, அடியில ஒரே ஒரு கேள்வி எழுதுனேன், "கால் ஒடிஞ்ச நண்ட என்ன செய்வீங்க?" மறுநாள் பதில் எழுதிட்டு வந்தான், கொழம்பு வைப்பாகளாம், தங்கச்சிக்கு கொடுக்கு மட்டும் எடுத்து வைப்பாகளாம். படிக்க ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா பிள்ள எழுதும்ங்க.

அப்போ பிழைய விட்டுரலாமான்னு கேப்பீங்க. விடக்கூடாது, ஆனா ஒரு நேரத்துல ஒன்னு. இந்த வாரம் ல ள ழ மட்டும், ஒற்றுப்பிழைய அப்புறம் பாத்துக்கலாம். நம்ம பக்கம் பேச்சுல ழ முக்காவாசி ளன்னுதான் வருது, பிள்ள காதுல கேட்டத எழுதுது, அதுக்குப் போய் பக்கம் முழுக்க வட்டம் போட்டா அடுத்த தடவ தனக்கு நல்லா தெரிஞ்ச சின்னச் சின்ன சொல்லா பாத்து எழுதும், எழுத்து வத்திப் போயிரும். அதே மாதிரி 'வாப்பா'ன்னு எழுதுனத அடிச்சுட்டு 'தந்தை'ன்னு திருத்துறதும் வேணாம், தயவுசெஞ்சு.

வகுப்புல நான் மொதல்ல பேச விடுவேன், அவங்க வாயில வர்ற சொல்ல போர்டுல எழுதிருவேன், வல்லம்னா படகு, சூடைன்னா ஒரு மீனு, கச்சான்னா ஒரு காத்து, இப்படி, அதுக்கப்புறம்தான் நோட்டு. 2022ல அரசாங்கத்தோட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தப்ப 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும் பிள்ளைங்கள அவங்க கத்துக்கிட்ட அளவப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சாங்கல்ல, கொரோனாவுல விட்டுப்போனத புடிக்கத்தான் அந்தத் திட்டமே, எல்லாப் பிள்ளையும் ஒரே எடத்துல இல்லன்னு ஒத்துக்கிட்டது எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது. அரும்பு நிலையில இருக்குற பிள்ள படகு வரைஞ்சு பாகத்துக்குப் பேரு எழுதட்டும், மலர் நிலையில இருக்குறது பத்தி எழுதட்டும், விஷயம் ஒன்னுதான்.

வீட்டுல கேட்டா "டீச்சரு, நாங்க என்னத்தப் படிச்சோம், எங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்கத் தெரியும்"னு அம்மாமாருக சங்கடப்படுறாக. பாதிப் பேரு விடியறதுக்கு முன்னாடியே கடல்பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போறவுக. நீங்க சொல்லிக்குடுக்கவே வேணாம்மா, சாயங்காலம் பிள்ள எழுதுனத வாசிக்கச் சொல்லி கேளுங்க, நடுவுல "அப்புறம்?"னு ஒரு வார்த்த கேளுங்க, அது போதும். அப்பத்தா சொல்ற கதைய எழுதச் சொல்லுங்க, ரேஷன் கடைக்கு லிஸ்ட் எழுதச் சொல்லுங்க. ஒரே பக்கத்த பத்து தடவ எழுதுன்னு மட்டும் ஒக்கார வச்சுராதீங்க, கை வலிக்குமே தவிர வேற ஒன்னும் நடக்காது.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஸ்கூலும் நடுவுல லீவு. அப்பாமாரு கரையில இருக்குற அந்த நேரத்த விட்டுராதீங்க. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் குடுத்து, காத்துக்கெல்லாம் என்ன பேரு, எந்தக் காத்துல எந்த மீனு படும்னு அப்பாகிட்ட கேட்டு எழுதச் சொல்லுங்க, படமும் வரையட்டும். தப்பு இருந்தா இருக்கட்டும், நீங்க எதையும் அழிச்சுத் திருத்த வேணாம், ஸ்கூல் தொறந்ததும் அப்படியே குடுத்து விடுங்க, நான் படிக்கணும்.