மஞ்சள் வைத்த துணி

காப்பகப் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்க நேற்று மதுரை விளக்குத்தூண் பக்கம் போயிருந்தோம். மொத்தம் 32 பேர். ஒவ்வொருவரிடமும் அளவும் பிடித்த நிறமும் கேட்டு எழுதி வைத்திருந்தோம். சென்ற ஆண்டு வயதை மட்டும் கேட்டு மொத்தமாக எடுத்துவிட்டோம். தொளதொளத்த சட்டையின் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டே நின்ற ஒரு பையன் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறான்.

இன்று மாலை துணிகளைக் கொடுத்தபோது ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி பாவாடையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு, "மஞ்சள் வைக்க வேண்டுமே அக்கா" என்றாள். சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் வந்தது. தண்ணீரில் குழைத்து எல்லாருடைய துணியின் ஓரத்திலும் அவளே வைத்தாள். வீட்டில் யாரோ வைத்துப் பார்த்திருக்கிறாள்.

புகைப்படம் எங்கே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். போட மாட்டேன். இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், ஒரு சட்டைக்காக எந்தப் பிள்ளையும் ஊருக்கு முகம் காட்டி நிற்கக் கூடாது.

இன்னும் 9 பேருக்குச் செருப்பு வாங்க வேண்டும். பழையது வேண்டாம், புதிதாகவே கொடுங்கள். அளவு நான் சொல்கிறேன்.