பாமினியில் சிக்கிய பெயர்கள்

நாகர்கோவிலில் நானும் இரண்டு பையன்களும் சேர்ந்து இணையதளம் செய்துகொடுக்கும் சின்னத் தொழில் வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், பல் டாக்டர் என்றுதான் ஆட்கள் வருவார்கள். இந்தமுறை வந்தது மாவட்டம் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு கத்தோலிக்க இளைஞர் இயக்கம். பழைய தளத்தைப் புதுசாக்க வேண்டும். பொறுப்பில் இருந்த பாதர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார், "பசங்க ரீல்ஸ விட்டுட்டு வந்து பாக்கணும் மக்கா." அதெல்லாம் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் முன்பணம் வாங்கியிருந்தேன்.

முகப்பில் யார் படம் என்பதிலேயே இரண்டு வாரம் போனது. ஒரு கட்சிக்குக் கார்லோ அக்குதிஸ். நற்கருணைப் புதுமைகளை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பத்தை ஒட்டிய அற்புதங்களை, தொகுத்துத் தானே ஒரு தளம் செய்த பையன், 2006இல் பதினைந்து வயதில் இறந்தவர், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரானவர். வெப்சைட் செய்த புனிதரை வெப்சைட்டில் போடாமல் வேறு எங்கே போடுவது என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சிக்கு நம்ம ஊர் தேவசகாயம். நட்டாலத்தில் பிறந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றவர். கடைசியில் இருவரும் இடம்பெற்றார்கள். போனில் திறக்கும் பிள்ளைக்கு வேண்டியது அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யாரைக் கூப்பிடுவது, இவ்வளவுதான். அதை இருவருக்கும் மேலே வைத்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை.

உண்மையான வேலை பழைய செய்திகளில்தான் இருந்தது. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. டிடிபி சென்டரில் நோட்டீஸுக்கு அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பாமினியில் உள்ளே தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியிருக்கும். 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் புள்ளிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளி. எப்போதோ சர்வர் மாற்றியபோது எழுத்துருக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது. சட்டை கழன்றுவிட்டது. செய்தி மொத்தமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது, யாருக்கும் ஒரு வரிகூட விளங்காது.

பாமினியை இப்போது எங்கும் பயன்படும் யூனிகோடாக்கித் தரும் மாற்றிகள் நெட்டில் கிடைக்கும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பக்கம் பக்கமாக ஒட்டி எடுக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் நானே ஒரு மாற்றி எழுதினேன். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள்: 'கோ' என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில் வந்து குறி பின்னால் வரவேண்டும். என் மாற்றி எழுத்தை மாற்றியதே தவிர வரிசையைத் திருப்பவில்லை. கோட்டாறு, கோவளம் எல்லாம் முன்னால் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றன. அதைச் சரிசெய்ய ஒரு ராத்திரி.

அடுத்த ராத்திரி இதைவிட மோசம். தேவசகாயத்தின் பெயரோடு இருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பின்னொட்டை வத்திக்கான் நீக்கிவிட்டது, பழைய கட்டுரைகளிலும் எடுத்துவிடுங்கள் என்றார் பாதர். அந்தப் பெயரை ஒட்டியும் பிரித்தும் சுருக்கியும் நாலைந்து விதமாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமையில்லாமல் 'பிள்ளை' என்பதையே மொத்தமாக நீக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பாதர் வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். 'நம் பங்குப் பிள்ளைகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்' என்ற வரி 'நம் பங்குப் கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்' என்று ஆகியிருந்தது. கீழே ஒரே கேள்வி: "பங்குல கள்ளு விக்கிறோமா மக்கா?" நல்லவேளை, பேக்கப் இருந்தது.

பாசறைக்குப் பதிவு செய்யும் படிவத்தில் வேறொரு சறுக்கல். மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயருக்குக் கீழ் வரும் பகுதி, என்ற கட்டத்தில் கோட்டாறு, 2014இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை, அதற்குக் கீழே 'மற்றவை' என்று வைத்திருந்தேன். சோதனைக்கு நிரப்பிப் பார்த்தவர்களில் தூத்தூர்ப் பக்கத்துத் தங்கை ஒருத்தி, "நாங்க மற்றவையா அண்ணா?" என்று கேட்டாள். தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் சேர்ந்தவை. கத்தோலிக்கத்துக்குள்ளேயே வேறு வழிபாட்டு முறைக்காரர்களும் உண்டு: மலங்கரைக்காரர்களுக்கு மார்த்தாண்டம், சீரோ மலபாருக்குத் தக்கலை. இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் ஐந்து. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எண்ணிப் பார்த்ததே இல்லை. 'மற்றவை'யை எடுத்துவிட்டு ஐந்து பெயரையும் போட்டேன்.

பழைய செய்திகளில் ஒரு பக்கத்தை எந்த மாற்றியிலும் போட மனம் வரவில்லை. 2017 டிசம்பர் முதல் வாரம், ஓக்கி புயலுக்குப் பிறகு இயக்கத்துப் பிள்ளைகள் ஊர் ஊராக விசாரித்து அடித்த பட்டியல் அது. கடலிலிருந்து திரும்பாதவர்கள், ஊர்வாரியாக, போட்வாரியாக. வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி. எங்கள் பையன் அதையும் பழசு என்று ஒதுக்கி வைத்திருந்தான். நான் உட்கார்ந்து கையாலேயே அடித்தேன். ஒரே பெயர் அந்தோணி என்றும் ஆன்றணி என்றும் இருந்தது. எது சரி என்று எப்படித் தெரியும்? அந்தத் தங்கையைக் கேட்டேன். லிஸ்ட் போட்டதே எங்க மாமாதான், கடல்ல நாள்கணக்கா தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போயிருக்கார், கரைக்கு வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் கூப்பிட்டார். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் எழுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாலாவது பெயரில் நிறுத்தினார்.

"அண்ணா, இவரு வந்துட்டாரே."

"எப்போ?"

"அப்பவே. லட்சத்தீவுல கரையேறி, பத்து நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு. நான் எடுக்க மறந்துட்டேன் போல. இந்தத் தங்கலுக்குக்கூட எங்க போட்லதான் வந்தாரு."

அந்தப் பெயரை எடுத்தேன். கீழே இருந்தவர்களின் வரிசை எண் தானாகவே ஒன்று குறைந்தது. அவர் பதினைந்தாவது பெயருக்காகக் காத்திருந்தார். இப்போது அதுதான் பதினாலு.