அம்மாவின் ரோஸ்ட் ஆறுவதற்குள்

நான் சூப்பர்வைசராக இருக்கும் ஹோட்டல் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. சைவம்தான். சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் காலை டிபனுக்கு எங்கள் பக்கம் வந்து சேருவார்கள், ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் சாயங்காலம் காபிக்கு வருவார்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, அப்புறம் மே மாத லீவு வந்துவிட்டால் காரை நிறுத்த இடம் இருக்காது, வருகிற காரில் பாதிக்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையாவது இருக்கும்.

'குடும்பத்தோடு வாருங்கள்' என்று போர்டு வைக்காத ஹோட்டலை இந்தச் சாலையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வாசலிலும் இருக்கிறது, பக்கத்தில் சிரிக்கிற யானைக்குட்டி படத்தோடு. யானைக்குட்டியைப் பார்த்து யாரும் வண்டியைத் திருப்புவதாக எனக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு வருகிற குடும்பத்துக்கு ஒரு ஹோட்டல் சரியாக இருந்ததா என்பதற்கு என்னிடம் இருக்கிற கணக்கு ஒன்றுதான்: அந்தக் குழந்தையின் அம்மா சூடாகச் சாப்பிட்டாரா?

கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான மேஜைகளில் நடப்பது இதுதான். எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுப்பார்கள். எல்லாம் சேர்ந்து வரும். அப்பா சாப்பிட ஆரம்பிப்பார், தாத்தா பாட்டி ஆரம்பிப்பார்கள், அம்மா மட்டும் இட்லியைப் பிய்த்து ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருப்பார். அவருடைய நெய் ரோஸ்ட் மொறுமொறுப்புப் போய், துவண்டு, நெய் உறைந்து கிடக்கும். கடைசியில் எல்லாரும் கை கழுவப் போன பிறகு, நான்கே வாயில் அதை விழுங்கிவிட்டு எழுந்து வருவார். முழுக் காசு கொடுத்து ஆறிப்போன தோசை தின்பதற்கு அவர் வண்டியிலேயே இருந்திருக்கலாம். (அப்பா ஊட்ட, அம்மா முதலில் சாப்பிடுகிற மேஜைகளும் இப்போதெல்லாம் வருகின்றன. அப்படி ஒன்று வந்தால் சர்வர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.)

இதற்கு மருந்து பெரிய செலவெல்லாம் இல்லை. குழந்தையின் சாப்பாடு முதலில் வர வேண்டும், அம்மாவுடையது கடைசியில் வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஹோட்டல் சமையலறை அப்படி ஓடுவதில்லை. ஒரு மேஜையின் ஆர்டர் ஒரே கே.ஓ.டி.யாக, அதாவது சமையலறைக்கு அனுப்பும் ஒரே ஆர்டர் சீட்டாகப் போகும், எல்லாம் தயாரான பிறகுதான் தட்டுகள் ஜன்னலுக்கு வரும். இட்லி தட்டிலிருந்து எடுத்து வைத்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ரோஸ்ட்டோ கல்லில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், கூட்ட நேரத்தில் கால் மணி நேரம்கூட ஆகும். ரோஸ்ட்டுக்காக இட்லியும் காத்திருக்கும், குழந்தை அதற்குள் மேஜையைத் தட்டி, தண்ணீரைக் கொட்டி, அழ ஆரம்பித்திருக்கும். பசியில் அழுகிற பிள்ளைக்கு அப்புறம் எதை வைத்தாலும் வாயைத் திறக்காது. எனவே எங்கள் பையன்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது, உட்கார்ந்ததும் தண்ணீர் வைக்கும்போதே "பாப்பாவுக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்று கேள், அதை மட்டும் தனி கே.ஓ.டி.யாக அடித்துவிடு, பெரியவர்கள் மெனுவைப் பார்த்து முடிப்பதற்குள் இட்லி வந்திருக்க வேண்டும். அப்புறம், "அக்கா, உங்க ரோஸ்ட்டைப் பாப்பா சாப்பிட்ட பிறகு போடச் சொல்லவா?" என்று ஒரு வார்த்தை. இந்த ஒரு கேள்விக்கு முகம் மலருகிற மாதிரி எந்தப் பலூனுக்கும் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் சரக்கு மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மேஜைக்கு மூன்று சீட்டு வந்தால் யார் கணக்கு வைப்பது என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதைவிடப் பெரிய தலைவலி பில்லிங் கம்ப்யூட்டர். அதில் 'இட்லி' என்றால் இரண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு இட்லியே அதிகம், ஆனால் ஒற்றை இட்லி என்று ஒரு அயிட்டமே கிடையாது. சர்வர் "ஒண்ணு வராது மேடம், செட்டாத்தான் வரும்" என்பார், வாடிக்கையாளர் "எனக்கு ஒண்ணு போதும்பா" என்பார், இரண்டு பேருமே சரிதான். சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லி ஒற்றை இட்லியைச் சேர்க்க வைத்தோம். முதலாளி இதில் நஷ்டம் வரும் என்று நினைத்தார். ஒற்றை இட்லி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூடவே தனியாக நெய் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

காரம் பற்றி ஒரு விஷயம். "காரமா இருக்குமா?" என்று அம்மாக்கள் கேட்டால், பையன்கள் பழக்கதோஷத்தில் "இருக்காது மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் நாக்குக்கு இருக்காது. தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாய் இருக்கிறது, சாம்பாரில் கேட்கவே வேண்டாம், குழந்தைக்கு நல்லது என்று எல்லாரும் வாங்குகிற வெண்பொங்கலில் முழு மிளகு. ஒரு மிளகைக் கடித்த பிள்ளை அன்றைக்கு முழுக்கப் பொங்கலைத் தொடாது. முழு முந்திரியும் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளுக்கு ஆபத்து, தொண்டையில் சிக்கும். உண்மையிலேயே காரமில்லாதது என்று எங்கள் சமையலறையில் இருப்பது கொஞ்சம்தான்: வெறும் இட்லியும் நெய்யும் சர்க்கரையும், இடியாப்பமோ ஆப்பமோ தேங்காய்ப்பாலுடன், பொடி தூவாத ஊத்தப்பம், தாளிக்காத தயிர் சாதம். மதியம் என்றால் சாப்பாட்டுக்கு வைக்கும் பருப்பைத் தாளிப்புக்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் சாதம், நெய், குழைய மசித்தால் முடிந்தது. மெனு கார்டில் அது இல்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது என்பது சரியில்லைதான், ஆனால் கார்டில் போட்டால் விலை போட வேண்டும், விலை போட்டால் அளவு வேண்டும், அளவு வந்தால் மாஸ்டர் சண்டைக்கு வருவார். அதனால் சர்வர் வாயாலேயே சொல்லவிடுகிறேன்.

வீட்டிலிருந்து குழந்தைக்குக் கொண்டுவருகிற டப்பா இன்னொரு பஞ்சாயத்து. 'வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை எங்களிடமும் உண்டு. அது புளியோதரை மூட்டையோடு வந்து எட்டுப் பேர் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் கேட்கிற கூட்டத்துக்காக வைத்தது. ஆறு மாதம் தாண்டி இப்போதுதான் திட உணவு ஆரம்பித்த பிள்ளைக்கு ராகிக் கூழ் கொண்டுவரும் அம்மாவிடம் போய் அந்தப் பலகையைக் காட்டக்கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் காட்டினார்கள். சுடுதண்ணீர் கேட்டால் "பாட்டில் தண்ணி வாங்கிக்குங்க" என்று சொன்னதையும் அங்கே பார்த்திருக்கிறேன். காபி போட நாள் முழுக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற கடையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீருக்குக் கணக்குப் பார்ப்பது என்ன வியாபாரம் என்று எனக்குப் புரிந்ததில்லை. டப்பாவைச் சூடு பண்ணித் தரக் கேட்டால் நாங்கள் மைக்ரோவேவில் வைப்பதில்லை. அது ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் சில்லென்று இருக்கும். அகலமான கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி டப்பாவை அதில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

எந்த மேஜையைக் கொடுப்பது என்பதில்தான் ஒரு சூப்பர்வைசரின் வேலை தெரியும். சமையலறைக் கதவுக்கு நேரே உள்ள வரிசை ஆகாது, சாம்பார் வாளியும் ரசமும் அந்த வழியாகத்தான் ஓடும். வாசலுக்கு ஒட்டியதும் ஆகாது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற பிள்ளை நேராகப் போய் நிற்பது ரிவர்ஸ் எடுக்கிற காருக்குப் பின்னால். சுவரோரம், சோபா சீட் இருக்கிற மேஜை, குழந்தை உள்பக்கம். கை கழுவும் இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தை நாற்காலியில் வார் அறுந்துபோனது இருந்தால் அதை எடுத்து உள்ளே போட்டுவிடச் சொல்கிறேன். எட்டு மாதப் பிள்ளை அதில் வழுக்கிக் கீழே வரும். நேற்றைய சாம்பார் காய்ந்து ஒட்டிய நாற்காலி நான்கு இருப்பதைவிடச் சுத்தமானது இரண்டு இருந்தால் போதும். அப்புறம், அதை மேஜை விளிம்புக்கு ரொம்ப நெருக்கிப் போடக்கூடாது, சில பிள்ளைகள் காலால் மேஜையை உதைத்து நாற்காலியோடு மல்லாந்துவிடும்.

எனக்கு உண்மையில் பயம் என்றால் சூடுதான். பெரியவர்கள் தோலைவிடக் குழந்தைத் தோல் மெல்லியது. 60 டிகிரி சூட்டில் இருக்கிற காபி சில நொடிகளில் பொசுக்கிவிடும், டபராவில் வந்து பத்து நிமிடம் ஆன காபிகூடச் சின்னக் கைக்கு ஆபத்துதான். பிள்ளையின் தலைக்கு மேலே எதையும் நீட்டாதே, குழந்தை இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய்ப் பரிமாறு, டபராவை மேஜை நடுவில் வை. புதுப் பையன் சேர்ந்த முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவேன். அப்படியும் பட்டுவிட்டால் குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை வேண்டாம், மாவு வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்து மேஜையிலிருந்து யாராவது ஒரு பெரியவர் இதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டே எழுந்து வருவார், அவரை மரியாதையாக உட்கார வைப்பதும் நம் வேலை. தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்பதையும் பையன்களுக்குக் காட்டித் தந்திருக்கிறோம். ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து, இன்னொருவர் அதற்குள் 108-ஐக் கூப்பிட வேண்டும். வயிற்றில் அழுத்துவது ஒரு வயது தாண்டியவர்களுக்குத்தான்.

நெடுஞ்சாலை ஹோட்டலுக்கே உரிய ஒன்று, வண்டியில் வாந்தி எடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, அப்பா கோபத்தோடும் அம்மா துணிப்பையோடும் வருவார்கள். அவர்களை முதலில் மேஜைக்குக் கூட்டிப்போகக்கூடாது, கழிவறைக்கு வழி காட்ட வேண்டும். அங்கே வாளியில் தண்ணீர், சோப்பு, பையை மாட்ட ஒரு கொக்கி இருந்தால் அந்தக் குடும்பத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பால் கேட்டாலும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வோம், சட்னி சாம்பார் இல்லாமல் வெறும் இட்லி போதும். கிளம்பும்போது கல்லாவில் நான்கு கவர் கேட்காமலே கொடுத்துவிடுவார் எங்கள் கேஷியர். இது அவராகவே ஆரம்பித்தது.

கழிவறையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டயப்பர் மாற்ற ஒரு பலகை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், பக்கத்தில் மூடி போட்ட குப்பைக்கூடை இல்லையென்றால் கழற்றிய டயப்பர் நேராகக் கோப்பைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு முழுக்க எல்லாருக்கும் கழிவறை இல்லை. பலகையைப் பெண்கள் பக்கம் மட்டும் போட்டால் தனியாகப் பிள்ளையைக் கூட்டிவரும் அப்பா என்ன செய்வார்? அவர் காரின் டிக்கியைத் திறந்து மாற்றுகிறார், வெயிலில். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறையை அரசு 2015-லேயே திறந்தது. ஹோட்டல்காரர்கள் நாம் இன்னும் "ஏ.சி. ஹால்ல ஓரமா உக்காந்துக்குங்க" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் ஒரு தடுப்பு இருக்கிறது, நாற்காலி, மின்விசிறி, உள்பக்கம் தாழ்ப்பாள். கட்டியதைவிட அதைக் காலியாக வைத்திருப்பதுதான் கஷ்டம். நான் ஒரு நாள் லீவு போட்டால் வாழை இலைக் கட்டும் காலி அட்டைப்பெட்டியும் அதற்குள் போய்விடும்.

பிள்ளை கத்துகிறது என்று பக்கத்து மேஜைக்காரர் முறைத்தால் நான் போவது முறைக்கிறவரிடம்தான். "சார், அந்தப் பக்கம் காத்து நல்லா வருது, மாத்திக்கலாமா?" என்றால் பெரும்பாலும் எழுந்துவிடுவார். அம்மாவிடம் போனால் அவர் பாதிச் சாப்பாட்டில் பில் கேட்பார், இந்தப் பக்கம் மறுபடி வரமாட்டார். சிந்தியதைத் துடைக்க வருகிற பையனின் முகமும் முக்கியம். எங்கள் மேஜை துடைக்கும் பையன்களில் பாதிப் பேர் ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தமிழ் கொஞ்சம்தான் வரும், பிள்ளைகளோடு சட்டென்று ஒட்டிக்கொள்வது அவர்கள்தான். கன்னத்தைக் கிள்ளாதே, கேட்காமல் தூக்காதே, போட்டோ எடுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு விளையாட்டு இடம் கட்ட வேண்டும் என்று ஆசை, சறுக்குமரம், பிளாஸ்டிக் பந்துத் தொட்டி என்று. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். பிள்ளை சாப்பிடாமல் அங்கே ஓடும், அம்மா தட்டோடு பின்னால் ஓடுவார், மே மாத வெயிலில் சறுக்குமரத்தில் உட்கார முடியாது, அந்தப் பந்துகளை யார் கழுவுவது? கண்ணாடிக்குப் பின்னால் தோசைக்கல் தெரிகிற மாதிரி இருக்கிறது, மாஸ்டர் கோன் தோசையைச் சுருட்டி எடுப்பதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிடம் போய்விடும், அந்த ஐந்து நிமிடம் போதும் அம்மா சாப்பிட.

குடும்பங்கள் மேஜையை நீண்ட நேரம் பிடித்துக்கொள்கின்றன, தலைக்கு வரும் பில்லும் குறைவு என்பது முதலாளியின் கணக்கு, பொய் இல்லை. ஆனால் அடுத்த முறை எங்கே நிறுத்துவது என்று காரில் முடிவு செய்வது ஓட்டுகிறவர் இல்லை, பின் சீட்டில் பிள்ளையோடு இருக்கிறவர். இதைச் சொன்னால் முதலாளி தலையாட்டுவார். கல்லாவுக்கு முன்னால் கிட்டத்தட்ட மூன்றடி உயரத்தில், சரியாக மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிற சிப்ஸ், விசில் பொம்மை ஸ்டாண்டை மேலே ஏற்றச் சொன்னால் மட்டும் ஆட்டமாட்டார். நன்றாகச் சாப்பிட்டு முடித்த குடும்பம் பில் கட்டுகிற இடத்தில் அழுகையும் அதட்டலுமாக வெளியே போவதைத் தினமும் பார்க்கிறேன். பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் மறுபடி கேட்கப் போகிறேன். "அந்த ஸ்டாண்டு வருமானத்தை உன் சம்பளத்துல கழிச்சுக்கட்டுமா?" என்பார், போன தடவையும் அதைத்தான் சொன்னார்.