பின் வாங்கில இருந்த எம்பியோட கொஞ்சக் காலம்

எம்பி எண்டால் பாராளுமன்றத்தில எழும்பி நிண்டு முழங்கிறவர் எண்டுதான் இஞ்ச யாழ்ப்பாணத்தில கனபேருக்கு நினைப்பு, தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கதைச்ச கதையைச் சொல்லிச் சொல்லியே வளந்த ஊர் தானே. நான் எங்கட மாவட்ட எம்பி ஒருத்தரிட்ட ஒருங்கிணைப்பாளரா சில வருசம் வேலை செய்தனான். பேர் வேண்டாம், ஐயா எண்டே வைப்பம். அமைச்சரும் இல்லை, கட்சித் தலைவரும் இல்லை, சபையில பின் வரிசை வாங்கில இருக்கிறவர். ஐயா சபையில பேசின நேரம் முழுக்கக் கூட்டினாலும் நான் அவர் பேரில கல்வெட்டுகளுக்கு, அதான் செத்தவரின்ட நினைவா அடிக்கிற புத்தகங்களுக்கு, அனுதாபச் செய்தி எழுதின நேரத்துக்குக் கிட்டவும் வராது.

சிரிக்காதேங்கோ, அது பெரிய வேலை. செத்தவீடு முடிஞ்ச கையோட சொந்தக்காரர் ஆராவது வருவினம், "தம்பி, அந்தியேட்டிக்குள்ள கல்வெட்டு அடிக்கோணும், ஐயான்ர செய்தி ஒண்டு படத்தோட வேணும்" எண்டு. செத்தவர் ரிட்டயர் போஸ்ட்மாஸ்டரோ, கோயில் தர்மகர்த்தாவோ, புகையிலைக் கமக்காரனோ எண்டு விசாரிச்சு, பிள்ளையள் எந்தெந்த நாட்டில எண்டும் கேட்டு எழுதோணும். பிரஸ்காரன் இரவு பத்து மணிக்கு அடிச்சு "பக்கம் பூட்டப்போறன், இன்னும் வரேல்ல" எண்டு கத்துவான். பேச்சை ஆரும் ஞாபகம் வைக்கமாட்டினம், கல்வெட்டு அலுமாரிக்குள்ள இருபது வருசம் கிடக்கும், அதில ஐயான்ர படமும் கிடக்கும்.

இதுக்கெல்லாம் காரணம் விருப்பு வாக்கு எண்டுதான் நான் சொல்லுவன். 1977 வரைக்கும் தொகுதிக்கு ஒரு எம்பி, கோப்பாய்க்காரர் கோப்பாயைப் பாத்தால் போதும். 1989 பொதுத்தேர்தலில இருந்து மாவட்டம் முழுக்க ஒரே தேர்தல், கட்சிக்குப் போட்டுப்போட்டு அதே லிஸ்டில மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அப்ப போட்டி மற்றக் கட்சிக்காரனோட இல்லை, மேடையில பக்கத்தில மாலை போட்டுக்கொண்டு நிக்கிறவரோட. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ள கிளிநொச்சியும் வரும், அங்கால குறிகட்டுவானில படகேறிப் போற நெடுந்தீவும் வரும், எல்லா இடமும் முகம் தெரியோணும். ஆசனமும் குறைஞ்சு குறைஞ்சு வந்திட்டுது, 2010இல 9, 2015இல 7, 2024இல 6. ஒரு ஆசனம் குறையிற நேரம் லிஸ்டுக்குள்ள ஆளையாள் பாக்கிற பார்வையை நீங்கள் பாக்கோணும்.

பேச்சைப் பற்றியும் சொல்லோணும். நேரத்தைக் கட்சிக்குப் பிரிச்சு, கட்சி ஆளுக்குப் பிரிச்சு, கடைசியில ஐயாவுக்குச் சில நிமிசம் வரும், அதுக்கு இரவு பஸ்ஸில கொழும்பு போய், மாதிவெலயில எம்பிமாரின்ட குவாட்டர்ஸில முகம் கழுவி, பின்னேரம் வரைக்கும் காத்திருந்து எழும்பினால் சபை வெறுமையாக் கிடக்கும். 225 பேரில 20 பேர் இருந்தால் கோரம், அதான் சபை நடத்தத் தேவையான ஆக்கள், காணும், அதையும் ஆரும் எண்ணிறேல்ல. தமிழில பேசினதை ஒழுங்காக் கேக்கிறது கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் எண்டு ஐயாவே பகிடி விடுவார். போகாமலும் இருக்கேலாது, சபையின்ட லீவு இல்லாமல் மூண்டு மாசம் தொடர்ந்து போகாட்டி சீற் போயிடும், 1983இல தனிநாடு கேக்கமாட்டம் எண்டு சத்தியம் செய்யச்சொன்ன அரசியலமைப்பு ஆறாம் திருத்தத்தோட தமிழர் விடுதலைக் கூட்டணி எம்பிமாருக்கு நடந்தது அதுதானே.

ஆனா ஒரு சாமான் இருக்கு, அமைச்சரிட்ட எழுதிக் கேக்கிற கேள்வி. பின் வாங்கு எம்பியின்ட கையில இருக்கிற உருப்படியான ஆயுதம் அதொண்டுதான் எண்டு நான் இப்பவும் நினைக்கிறன். எம்பி ஒருத்தர் தானே கொண்டுவாற தனிநபர் சட்டமூலமும் இருக்குத்தான், அப்ப எம்பியா இருந்த சுமந்திரன் கொண்டுவந்த, கடலடியை வாரி மீன்பிடிக்கிற இழுவைமடிக்கான தடை 2017இல சட்டமாவே வந்தது, ஆனா அப்பிடி நடக்கிறது ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா. கேள்வி அப்பிடி இல்லை. அ, ஆ, இ எண்டு பிரிச்சு எழுதோணும், "அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" எண்டு கேட்டு, கடைசியில "இன்றேல், ஏன்?" எண்டு முடிக்கோணும். ஆமி பிடிச்சு வைச்சிருந்த வலிகாமம் வடக்குக் காணியைப் பற்றி நாங்கள் ஒண்டு எழுதினம். பொத்தாம்பொதுவா "எப்ப விடுவீங்கள்" எண்டு கேட்டால் "படிப்படியாக" எண்டு பதில் வரும், அதால அப்பிடிக் கேக்கேல்ல. முதலாவது, கிராம சேவகர் பிரிவு வாரியா எத்தினை ஏக்கர் பிடிபட்டுக் கிடக்கு. ரெண்டாவது, விட்டது எத்தினை, எந்தத் திகதியில. மூண்டாவது, மிச்சத்தில தனியாரிட்ட உறுதிப்பத்திரம் இருக்கிற உறுதிக்காணி எவ்வளவு. இந்த மூண்டாவதைக் கேக்கச் சொன்னது ஒரு ஓய்வுபெற்ற கிராம சேவகர், மனுசன் வீட்டு விறாந்தையில பிளாஸ்டிக் கதிரையில இருந்து பிளேன்டீ குடிச்சுக்கொண்டு, "உறுதியைக் கேள் தம்பி, அரசகாணியையும் சேத்து விட்டிட்டுக் கணக்குக் காட்டுவாங்கள்" எண்டார்.

கேள்வி சபையின்ட நிகழ்ச்சிநிரலான ஒழுங்குப்பத்திரத்தில வரும், அமைச்சர் கால அவகாசம் கேப்பார், திரும்ப வரும், திரும்பக் கேப்பார். கடைசியில பதிலை வாசிக்காமலே சபையின்ட மேசையில, அதான் சபாபீடத்தில, வைச்சினம், இணைப்பா ஒரு அட்டவணை, ரெண்டு பக்கம். அவ்வளவுதான், ஒரு பேப்பரும் போடேல்ல, பேஸ்புக்கிலயும் வரேல்ல. ஆனா அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில, ஒரு அதிகாரி "எங்களிட்ட தரவு இல்லை" எண்டு தொடங்க, ஐயா அந்தப் பேப்பரை மேசையில வைச்சார். ஆள் இருந்திட்டார். சனத்தின்ட குழுக்காரர் போட்டோக்கொப்பி அடிச்சு அடிச்சு அந்தப் பக்கம் மங்கிப்போச்சு.

ஐயா அடுத்த முறை வெல்லேல்ல, விருப்பு வாக்கில அதே லிஸ்டில ஒருத்தர் மேல வந்திட்டார். பாராளுமன்றத்தைக் கலைச்ச நேரம் பதில் வராமல் கிடந்த கேள்வியளும் அதோட போச்சு, புதுசா வாறவர் திரும்பப் போடோணும். புது எம்பியின்ட பெடியன் ஒருத்தன் வந்து ஃபைலைக் கேட்டான், காணிக் கேள்வியின்ட அடுத்த பாகத்தையும் எழுதி வைச்சிருந்தனான், குடுத்தன். பிரட்டிப் பாத்திட்டு "அண்ணை, இதை வீடியோவாப் போடேலாதே?" எண்டான். பிறகு ஒழுங்குப்பத்திரத்தில பாத்தன், கேள்வி வந்திருக்கு, உறுதிக்காணியைக் கேட்ட பகுதியை மட்டும் வெட்டிப்போட்டினம்.