ஆரத்தி நீரில் திரும்பி வந்த சிவப்பு

மாசி பிறந்துவிட்டால் பென்னாகரம் பக்கத்து வீடுகளின் திண்ணைகளில் புளி குவிந்துவிடும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து முடிப்பதற்குள் விரல் இடுக்கில் இருக்கும் சின்னக் கீறல்கூடச் சுரீரென்று எரியும். அந்த எரிச்சலுக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் பழம் பழுத்த பிறகும் பெரிதாகக் குறைவதில்லை. சர்க்கரை கூடுவதால்தான் நாக்குக்கு அது இனிப்பாகத் தெரிகிறது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகளுக்கு, அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் நடுநிலையாக்கல் வினையை விளக்க வேண்டியிருந்தபோது, இந்தப் புளியையே எடுத்துக்கொண்டேன். அம்மா ஆரத்திக்குக் கரைப்பதைப் போலவே மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கலக்கினோம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சுண்ணாம்பு நீர் போன்ற காரத்தில் சிவந்துவிடும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு (7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம்) 8.6 அளவிலிருந்து 7.4க்கு இறங்கும்போது மீண்டும் மஞ்சளாகிவிடும். புளிக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் நீர் மஞ்சளாயிற்று. அவள் நோட்டில் "நடுநிலை அடைந்தது" என்று எழுதி முடிப்பதற்குள் டம்ளர் மறுபடி சிவந்திருந்தது. நான் யாருக்கும் தெரியாமல் சுண்ணாம்பு போட்டுவிட்டதாக அவள் சந்தேகப்பட்டாள்.

உண்மையில் சுண்ணாம்பு டம்ளரின் அடியிலேயே இருந்தது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.7 கிராம் சுண்ணாம்புதான் கரையும். மீதி தூளாக மிதந்துகொண்டோ அடியில் படிந்தோ இருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள், கரைந்திருக்கும் ஹைட்ராக்சைடு அயனிகளோடு சேர்ந்து நீராகிவிட, குறைந்துபோனதை ஈடுசெய்யப் படிந்த சுண்ணாம்பு கரைந்து வருகிறது, நிறமும் திரும்புகிறது. பாடநூல் சமன்பாட்டில் எல்லாம் முன்பே கரைந்துவிட்டதைப் போல இருப்பதால் இந்தத் தாமதம் அங்கே தெரிவதில்லை. எங்களுக்கு ஐந்து முறை சிவப்பு திரும்பிய பிறகுதான் மஞ்சள் நிலைத்தது. (சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் புளியைத் தேடக் கூடாது, நடுநிலையாக்கல் வெப்பத்தையும் வெளியிடும் வினை. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.)

ஆனால் நிலைத்த மஞ்சளும் நடுநிலைக்குச் சான்றல்ல. 7.4க்குக் கீழே மஞ்சள்தூளுக்குப் பேச்சே கிடையாது: வெறும் தண்ணீரிலும் மஞ்சள், புளித்தண்ணீரிலும் மஞ்சள். ஆகவே அந்த நீரில் கொஞ்சம் எடுத்துச் செம்பருத்தி இதழ்ச் சாற்றில் விட்டுப் பார்த்தேன். காரமாக இருந்தால் பச்சையாகியிருக்க வேண்டும், இளஞ்சிவப்பு அடர்ந்தது. அவசரத்தில் எல்லையைத் தாண்டி அமிலப் பக்கம் போயிருந்தோம்.

வினையில் விளைந்த உப்பு எங்கே என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. சோற்றில் போடுவதை மட்டும் உப்பென்று சொல்லிப் பழகிய நமக்கு, நீரில் எளிதில் கரையாத கால்சியம் டார்டரேட்டும் ஓர் உப்பு என்பது உடனே உறைப்பதில்லை. அது கரையாமல் படிவதைப் பயன்படுத்தித்தான், திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து டார்டாரிக் அமிலத்தை 1769இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்தார். எங்கள் டம்ளரிலும் மறுநாள் காலையில் வண்டல் படிந்திருந்தது. அதில் உப்பு எவ்வளவு, புளிச்சக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. புளிக்கரைசலைத் துணியில் வடிகட்டாமல் விட்டது என் பிழை.