ரெடி பிளேயர் ஒன் நாவலில் வரும் கேம்களை ஆடிப் பார்க்கிறேன்: அட்வெஞ்சர் முடிந்தது

எர்னஸ்ட் கிளைன் 2011-ல் எழுதிய நாவல் இது. ஓக்லஹோமா சிட்டியில் டிரெய்லர் வீடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய குடியிருப்பில் வாழும் வேட், ஓயாசிஸ் என்கிற மெய்நிகர் உலகத்துக்குள் போய் 1980-களின் அமெரிக்காவைத்தான் தேடிக்கொண்டே இருக்கிறான், ஏனென்றால் ஓயாசிஸை உருவாக்கிய ஹாலிடே சாகும்போது தன் சொத்து முழுவதையும் சின்ன வயதில் ஆடிய கேம்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஊரோ அந்தக் காலமோ என்னுடையது இல்லை. அந்த ஏக்கம் பிடிபடவேண்டுமென்றால் ஆடித்தான் பார்க்க வேண்டும் என்று இறங்கினேன். கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஜவுஸ்ட், 1982-ல் வந்தது. நெருப்புக்கோழி மேல் உட்கார்ந்து பறந்து மோத வேண்டும், யாருடைய ஈட்டி மேலே இருக்கிறதோ அவருக்கு வெற்றி. இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் அட்வெஞ்சர். டிவியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 என்கிற பழைய கருவிக்கு வந்த கேம், மொத்தமே 4 கேபி. அந்தக் கேம்களைக் கணினியில் ஓட்டும் ஸ்டெல்லா எமுலேட்டரில் இரண்டாவது லெவலைப் போட்டேன். நாம் ஒரு சதுரம், டிராகன் பார்க்க வாத்து மாதிரி. கறுப்புச் சாவியால் கறுப்புக் கோட்டையைத் திறந்து, உள்ளே இருட்டுப் பாதைகளில் பாலத்தைச் சுவர் மேல் போட்டு ஒரு மூடிய அறைக்குள் நுழைய வேண்டும். அங்கே இருக்கும் புள்ளி பின்னணியின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தடவிக்கொண்டே போனால் எடுத்த சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் வௌவால் வந்து கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும், பொறுமை வேண்டும். புள்ளியைத் தங்கக் கோட்டைக்குக் கீழே வலதுபக்கம் மெல்லிய கோடு இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து, கூடவே வேறு பொருள்களையும் போட்டால் எல்லாம் சிமிட்ட ஆரம்பிக்கும், அப்போது அந்த மெல்லிய கோட்டின் ஊடாகவே போய்விடலாம். அந்தப் பக்கம் 'கிரியேட்டட் பை வாரன் ராபினெட்' என்று மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி மின்னுகிறது.

அட்டாரி அப்போது கேம் எழுதியவர்களின் பெயரைப் போடுவதில்லை. இதை எழுதிய ராபினெட் நிர்வாகத்திடம் மூச்சு விடாமல் அறையை வைத்துவிட்டார், சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பையன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

நாவலின் கடைசிப் புதிரும் இதே அறைதான். கடன்காரர்களைப் பிடித்துவைத்து வேலை வாங்கும் ஐஓஐ கம்பெனிக்கு எதிரான கதை, பெயர் மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் கையெழுத்தில் போய் முடிகிறது என்பது ஆடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கிளைன் இதை இன்னும் அழுத்தியிருக்கலாம். பக்கம் பக்கமாகப் படப் பெயர்களும் பாட்டுப் பெயர்களும் வந்து இந்த விஷயத்தை மூடிவிடுகின்றன.

நாவலில் பேக்-மேனும் வருகிறது, அதில் முழு ஸ்கோர் 33,33,360. அதற்கு 255 போர்டுகளை ஒரு உயிரும் போகாமல் முடிக்க வேண்டும், அதை விட்டுவிடுகிறேன். அடுத்து 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' (Tomb of Horrors), மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஒரு சாகசம். அதற்குக் கூட ஆட ஆட்கள் வேண்டும், அந்த விளையாட்டில் பழக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.