மூன்று சாதனங்களும் ஒரு 'நிலுவை' கோப்புறையும்

சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர் தாம் அனுப்பிய திருத்தங்கள் என்னவாயின என்று கேட்டார். அந்தக் கடிதத்தைக் கைப்பேசியிலேயே 'நிலுவை' என்று புதிதாக ஒரு கோப்புறை தொடங்கி அதற்குள் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் மேசைக்கணினியில் நான் பயன்படுத்தும் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில் அப்படியொரு கோப்புறையே இல்லை. மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், கணக்கை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்க்கச் சொன்னார்கள். நல்லவேளையாக நான் அதைச் செய்யவில்லை.

முதலில் உலாவியில் வலை அஞ்சலைத் திறந்தேன். என் கணக்கு இயங்கும் ஐமேப் (IMAP) முறையில் கடிதங்கள் இருக்கும் இடம், சேவை நிறுவனத்தின் கணினியான சர்வர்தான் என்பதால், அங்கே இருப்பதே மூலம். சாதனங்களில் தெரிவது அதன் நகல். விந்தை என்னவென்றால், வலை அஞ்சலின் இடப்பக்கப் பட்டியலிலும் 'நிலுவை' இல்லை. அமைப்புகளுக்குள் சென்று கோப்புறைகள் பகுதியைத் திறந்த பிறகே, பெயருக்கு எதிரே பொத்தான் அணைந்த நிலையில் அது இருப்பதைக் கண்டேன். ஐமேப்பில் ஒவ்வொரு கோப்புறைக்கும் 'சந்தா' என்று ஓர் அடையாளம் உண்டு. தண்டர்பேர்டு வழக்கமாகச் சந்தா உள்ளவற்றை மட்டுமே காட்டும். என் கைப்பேசியோ அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் காட்டுகிறது, புதிய கோப்புறைக்குச் சந்தா சேர்ப்பதுமில்லை. சந்தாவுக்கான அந்தப் பொத்தானை இயக்கிவிட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறந்தவுடன் கோப்புறை வந்துவிட்டது. (தமிழ்ப் பெயரால் வந்த வினையோ என்று முதலில் ஐயுற்றேன். சர்வரின் கோப்பு மேலாளரில் அது '&' குறியில் தொடங்கும் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும்; அது பழைய ஐமேப் குறியாக்கமே தவிரப் பிழையன்று.)

அனுப்பிய கடிதங்களின் கதை வேறு. சர்வரில் 'சென்ட்', 'சென்ட் ஐட்டம்ஸ்', 'சென்ட் மெசேஜஸ்' என்று மூன்று கோப்புறைகள் இருந்தன. ஒவ்வொரு செயலியும் தனக்குப் பழகிய பெயரில் ஒன்றைத் தொடங்கியிருந்தது. எந்தக் கோப்புறை எதற்கு என்று சர்வரே குறித்துச் சொல்லும் வழி 2011லேயே தரப்படுத்தப்பட்டுவிட்டாலும் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை. ஐபோனில் கணக்கின் மேம்பட்ட அமைப்புகளிலும், தண்டர்பேர்டில் நகல்களுக்கும் கோப்புறைகளுக்குமான பக்கத்திலும் 'சென்ட்' கோப்புறையையே தேர்ந்தெடுத்து, மற்ற இரண்டிலும் இருந்தவற்றை அதற்குள் நகர்த்தினேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, இரண்டு வாரங்களுக்கு முந்தைய கடிதங்கள் உள்பெட்டியிலிருந்து மறைந்துகொண்டே வருவதைக் கவனித்தேன். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கணினியில் இதே கணக்கு பாப் (POP) முறையில், அதாவது கடிதங்களைச் சர்வரிலிருந்து அந்தக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறையில், அமைக்கப்பட்டிருந்தது. கடிதங்களை இறக்கிக்கொண்டு, 14 நாள்களுக்குப் பின் சர்வரிலிருந்து நீக்கிவிடும்படி அதில் முன்னிருப்பாகவே குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிதங்களுக்கு உலகில் இருந்த ஒரே பிரதி அந்தக் கணினியில்தான். தொலைபேசியில் சொன்ன யோசனைப்படி அங்கே கணக்கைத் தரவோடு நீக்கியிருந்தால் அவையும் போயிருக்கும்.

ஆகவே அதே கணினியில் ஐமேப் கணக்கொன்றைப் பக்கத்தில் சேர்த்து, பழைய பெட்டியிலிருந்து கடிதங்களைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுத்து, இரு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பின்னரே பாப் கணக்கை நீக்கினேன். ஓர் இரவு முழுதும் ஆயிற்று. வாடிக்கையாளரின் திருத்தங்கள் மறுநாள் காலை அவரிடம் போய்ச் சேர்ந்தன.